தைமஸுக்குள் ஒரு சிறு ஆர்.என்.ஏ.

தைமஸ் சுரப்பிக்குள் வளரும், நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே மடிந்துவிடுகின்றன. உடலின் சொந்தப் புரதத் துண்டுகளைச் சிறிதும் உணராதவை பிழைப்பதில்லை. அவற்றை அளவுக்கு மீறி இறுகப் பற்றுபவை, பின்னாளில் உடலையே தாக்கக்கூடும் என்பதால், பெரும்பாலும் களையெடுக்கப்படுகின்றன. இந்தத் தேர்வில் செல்லின் கூருணர்வை நிர்ணயிப்பவற்றுள், 23 நியூக்ளியோடைடு நீளமே கொண்ட, எந்தப் புரதத்துக்கும் குறியீடு தாங்காத ஓர் ஆர்.என்.ஏ.வும் உண்டு என்பது நோயெதிர்ப்பியலில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

மைஆர்-181ஏ என்ற அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. முதலில் கவனம் பெற்றது, எதிர்ப்புரதங்களை உருவாக்கும் வெள்ளணுக்களான பி செல்களால்தான். எலியின் எலும்பு மஜ்ஜையிலுள்ள முன்னோடிச் செல்களில் மைஆர்-181ஐ மிகுதியாக்கினால் பி செல்களின் விகிதம் உயர்கிறது என்று டேவிட் பார்டெல், ஹார்வி லோடிஷ் ஆகியோர் பங்கேற்ற ஆய்வு 2004இல் காட்டியது. தைமஸில் அதன் வேலை 2007இல் தெளிவானது. புரதத் துண்டுகளை உணரும் டி செல் ஏற்பியிலிருந்து கிளம்பும் சமிக்ஞையைத் தணிக்கும் பாஸ்படேஸ் நொதிகள் பல உள்ளன. அவற்றைத் தயாரிப்பதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.க்களைப் பற்றிக்கொண்டு, அந்நொதிகளின் உற்பத்தியை மைஆர்-181ஏ ஒரே நேரத்தில் குறைக்கிறது. எந்த நொதியும் அடியோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொன்றும் சற்றே குறைய, மெலிந்த சமிக்ஞையும் செல்லுக்கு எட்டுகிறது. இளம் செல்களில் மிகுந்திருக்கும் இந்த ஆர்.என்.ஏ., அவை முதிரும்போது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தைமஸில் அதைத் தடுத்தபோது, களையெடுக்கப்பட வேண்டிய செல்கள் தப்பிப் பிழைத்தன. இதை 'விசை' என்று எழுதும் கட்டுரைகள் எனக்கு உவப்பானவையல்ல. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு என்பதே பொருந்தும்.

மைஆர்-150 என்ற மற்றொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு வேளையும் முக்கியம். முதிர்ந்த லிம்போசைட்டுகளில் (டி, பி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) இயல்பாக இருக்கும் அது முன்கூட்டியே தோன்றினால், பி செல்லின் வளர்ச்சி தொடக்கநிலையிலேயே தடைபடுகிறது.

நீண்ட குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களின் கதை வேறு. அவற்றில் ஒன்றான தைமோடி டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்படும்போது, டி செல்லின் அடையாளத்தை உறுதிசெய்யும் பிசிஎல்11பி மரபணுவின் செயல்பாட்டைத் தூண்டும் ஊக்கிப் பகுதி, செல் உட்கருவின் விளிம்பிலிருந்து உட்புறத்துக்கு இடம்பெயர்கிறது. இங்கு வேலை செய்வது ஆர்.என்.ஏ. மூலக்கூறைவிடப் படியெடுப்பு என்னும் நிகழ்வே என்பதால், இதையும் மைஆர்-181ஏவையும் ஒரே தலைப்பின்கீழ் அடைப்பது சற்றுத் தாராளமான வகைப்பாடு. ஆயினும் விளைவு சிறிதல்ல: அந்தப் படியெடுப்பை நிறுத்திய எலிகளில் டி செல் வளர்ச்சி குலைந்து, லிம்பாய்டு புற்றுநோய் தோன்றியதை 2017இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.