ரிக்கெட்ஸ் கிளென்: ஒரு நாள் நடையில் 21 அருவிகள்

மலைநடைக்கு ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது அது லூப்பா, போன வழியே திரும்பும் பாதையா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். தூரம், ஏற்றம் எல்லாம் அப்புறம். போன வழியே திரும்புகிற பாதையில், உச்சியைத் தொட்டுவிட்டோம் என்றதும் மனசு காருக்குப் போய்விடும். மீதி தூரத்தைக் கால் மட்டும்தான் நடக்கும். லூப்பில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, கடைசி வரைக்கும் பார்க்காத இடமாக வந்துகொண்டே இருக்கும். ஆனால் லூப்பில் ஒரு விஷயத்தை நாமே முடிவு செய்தாக வேண்டும்: எந்தப் பக்கமாகச் சுற்றுவது? இதை வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் கட்சி. பென்சில்வேனியாவில் இருக்கும் ரிக்கெட்ஸ் கிளென் மாநிலப் பூங்கா போன்ற இடத்தில், அன்றைய நடை எப்படி அமையும் என்பதே இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி எடிசனில். அங்கிருந்து 80ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் சுமார் இரண்டரை மணி நேரம். மே மாதக் கடைசி. மனைவியின் அப்பா தென்காசியிலிருந்து வந்திருந்தார். மாமாவுக்கு வயது 66, சதுரகிரி ஏறிப் பழகிய கால். "மால், கடை எல்லாம் போதும் மாப்பிள்ளை, ஏதாவது மலை இருந்தா கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டவரை, குற்றாலத்துக்காரராயிற்றே என்று அருவிகள் இருக்கும் மலைக்கே அழைத்துப் போவதாக முடிவானது. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு விடியும் முன்பே கிளம்பினோம்.

இந்தப் பூங்காவின் உயிரே ஃபால்ஸ் டிரெயில்தான். கிச்சன் க்ரீக் என்ற ஓடை மேலே இரண்டு கிளைகளாக இரண்டு பள்ளத்தாக்குகள் வழியே இறங்குகிறது. ஒன்று கனோகா கிளென், மற்றொன்று கிளென் லீ. இரண்டும் வாட்டர்ஸ் மீட் என்ற இடத்தில் கலந்து, ஒரே ஓடையாகக் கீழே போகின்றன. பாதையும் அதே வடிவம்தான். கீழே காம்பு போல ஒற்றைப் பாதை, வாட்டர்ஸ் மீட்டில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கிளைகளோடும் மேலே ஏறுகிறது. மேலே அந்த இரண்டையும் ஹைலேண்ட் டிரெயில் என்ற பாதை குறுக்கே இணைக்கிறது. முழுச் சுற்று 7.2 மைல், அதாவது ஏறத்தாழ பதினொன்றரை கிலோமீட்டர். வழியில் பெயர் வைத்த அருவிகள் 21. மேலே லேக் ரோஸ் அருகே காரை நிறுத்தி, மேல் வளையத்தை மட்டும் சுற்றினால் 3.2 மைலில் 18 அருவிகளைப் பார்த்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. மேலிருந்து தொடங்கினால் முதலில் இறக்கம், உடம்பு களைத்த பிறகு ஏற்றம். அதைவிடப் பெரிய இழப்பு, கீழ்ப்பகுதியின் பழங்காட்டைப் பார்க்காமலே போவது. ஆகவே 118ஆம் எண் சாலையோரக் கார் நிறுத்தத்திலிருந்து தொடங்கினோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. பென்சில்வேனியாவின் மாநிலப் பூங்காக்கள் எதிலுமே கிடையாது. 1955 முதல் 1979 வரை மாநிலத்தின் வனத்துறையையும் சுற்றுச்சூழலையும் கவனித்த மாரிஸ் காடர்ட் என்ற அதிகாரி, ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் 25 மைலுக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்து வேலை பார்த்தார். இன்று மாநிலத்தில் 120க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. காசு இருக்கிறவன் இல்லாதவன் என்ற கணக்கே இல்லாமல் யாரும் காரை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் போகலாம் என்பது எவ்வளவு பெரிய காரியம்!

தொடக்கத்தில் பாதை கிட்டத்தட்ட சமதளம். ஓடை பக்கத்திலேயே வருகிறது. இங்கே நிற்கும் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களில் பல 300 வயதைத் தாண்டியவை. ஹெம்லாக் இந்த மாநிலத்தின் அடையாள மரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, உச்சி தெரிவதில்லை. தாழ்ந்து தொங்கிய ஒரு கிளையை மாமா கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளை முழுக்கக் கரும்பச்சை. நுனியில் மட்டும் அந்த வருடத்துத் துளிர், விரல்கணு அளவுக்கு, எலுமிச்சைப் பச்சையில். தொட்டால் முள் மாதிரி இல்லை, மெத்தென்று இருக்கிறது. இலையைத் திருப்பினால் அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள், அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி.

அடியில் கோடு இருந்தால் நல்லது. பஞ்சு இருந்தால்தான் கவலை. அடெல்ஜிட் என்ற ஆசியப் பூச்சி, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியது. இலைக் காம்பின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, மேலே வெள்ளைப் பஞ்சை நூற்று மூடிக்கொள்ளும். 1950களில் வர்ஜீனியாவில் முதலில் கண்ணில் பட்டது. பிறகு அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுக்கப் பரவி, ஹெம்லாக் காடுகளைச் சில வருடங்களிலேயே மொட்டையாக்கிக்கொண்டிருக்கிறது. இந்த மரம் போனால் ஓடைக்கு நிழல் போகும். நிழல் போனால் தண்ணீர் சூடாகும், குளிர்ந்த நீரை நம்பியிருக்கும் டிரவுட் மீன் இருக்காது. அன்று நாங்கள் பார்த்த கிளைகளில் பஞ்சு இல்லை. மாமா ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று கிளையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நானும்தான்.

வாட்டர்ஸ் மீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வரிசையாக மூன்று அருவிகள்: முர்ரே ரெனால்ட்ஸ், ஷெல்டன் ரெனால்ட்ஸ், ஹாரிசன் ரைட். முதல் அருவியைக் கண்டதுமே மாமா செருப்பைக் கழற்றப் போகிறவர் மாதிரி குனிந்தார்.

"இங்க குளிக்க விடுவாங்களா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. மேல ஏரிக்கரையில ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்க, அங்க மட்டும்தான்."

"அருவிய வச்சுக்கிட்டு குளிக்க விடலன்னா எப்படி?"

நியாயமான கேள்வி. குற்றாலத்தில் அருவி என்பது தலைகொடுத்து நிற்க வேண்டிய ஒன்று. இங்கே அருவியைச் சுற்றி நடக்கத்தான் வழி செய்திருக்கிறார்கள். ஆனால் பாறைகளைப் பார்த்த பிறகு தடையின் காரணம் அவருக்கே புரிந்தது. எல்லாம் தட்டுத் தட்டாக, பலகைகளை அடுக்கியது போன்ற பாறை. பாசி படிந்து கண்ணாடியாக வழுக்குகிறது. இங்கே வழுக்கி விழுந்து உயிரையே விட்டவர்கள் உண்டு. ஆகவே, நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் யாரும் வராதீர்கள். சாதாரண ரன்னிங் ஷூ போதாது.

வாட்டர்ஸ் மீட்டில் இடதா வலதா என்ற கேள்வி வரும். எங்கள் முடிவு: கிளென் லீ வழியாக ஏற்றம், கனோகா வழியாக இறக்கம். இரண்டில் கிளென் லீதான் குறுகலானது, செங்குத்தானது. அங்கே படிகள் உயரம் மாறி மாறி வரும், பல இடங்களில் அருவியின் சாரல் அவற்றை நனைத்துக்கொண்டே இருக்கும். ஈரப்படியில் ஏறுவது மூச்சைத்தான் கேட்கும். இறங்குவது முழங்காலையும் கேட்கும், தைரியத்தையும் கேட்கும். வயதானவர்கள் கூட வந்தால் இந்தப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. கீழிருந்து ஏறும்போது ஒவ்வொரு அருவியும் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. முதலில் சத்தம், பிறகு முகத்தில் குளிர்ந்த காற்று, ஒரு திருப்பம் திரும்பியதும் அருவி.

வையண்டாட், பி. ரெனால்ட்ஸ், ஆர். பி. ரிக்கெட்ஸ், ஓசோன், ஹூரான், ஷானீ, எஃப். எல். ரிக்கெட்ஸ், ஒனோண்டாகா. கிளென் லீயில் இப்படி எட்டு. இவற்றில் 60 அடி ஓசோன்தான் உயரம். ஆனால் எனக்குப் பிடித்தது 40 அடி பி. ரெனால்ட்ஸ். அங்கேதான் அதிக நேரம் நின்றேன். சில அருவிகள் ஒரே விளிம்பிலிருந்து நேராக விழுகின்றன, சில நூற்றுக்கணக்கான சின்னப் படிகளில் தத்தித் தத்தி இறங்குகின்றன. எல்லாம் பாறையின் கதை. கெட்டியான மணற்கல் மேலே இருந்து, அடியில் இருக்கும் மென்மையான அடுக்கு அரித்துப்போனால் நேராக விழும். எல்லாமே மெல்லிய அடுக்குகளாக இருந்தால் படிப்படியாக இறங்கும். பாறைகளுக்கு ஏறக்குறைய 35 கோடி வயது. அருவிகளோ நேற்றுப் பிறந்தவை. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறைகள் பழைய நீர்வழிகளைத் திருப்பிவிட்டு கிச்சன் க்ரீக்கில் தண்ணீரைக் கூட்டின. அந்தத் தண்ணீர்தான் மலையின் செங்குத்தான சரிவை இப்படி அறுத்திருக்கிறது.

அருவிகளுக்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் புரூஸ் ரிக்கெட்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 கெட்டிஸ்பர்க் சண்டையில் பீரங்கிப் படை ஒன்றை நடத்தியவர். போர் முடிந்ததும் இந்த மலைகளை வாங்கிப் போட்டார். ஒரு காலத்தில் 80,000 ஏக்கருக்கும் மேல் அவர் கையில் இருந்தது. சில அருவிகளுக்குச் சொந்தபந்தங்களின் பெயர், பலவற்றுக்குப் பூர்வகுடி இனங்களின் பெயர். அந்த இனத்தவர்களின் நிலத்தில் அவர்களின் பெயர் மட்டும் பலகையில் மிஞ்சி நிற்பதைப் படித்துக்கொண்டே ஏறுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

ரிக்கெட்ஸ் மரத்தை விற்றுப் பணம் பார்த்தவர். சுற்றியிருந்த காடு ரயிலேறிப் போனது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்குகளை மட்டும் வெட்ட விடவில்லை. 1889இல் ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை வேலைக்கு வைத்துப் பாதை போடச் சொன்னார். முடிய நான்கு வருடம் ஆனது. பாதையே இல்லாத செங்குத்துச் சரிவில் கல் சுமந்து, படி அடுக்கி, பாலம் போட்டு, இரண்டு ஓடைகளையும் ஒரே நடையில் கட்டிய அந்த ஆறு பேரின் உழைப்பை இன்றும் மிதித்துக்கொண்டுதான் ஏறுகிறோம். 1930களில் இதைத் தேசியப் பூங்காவாக்கும் பேச்சு நடந்தது, கைகூடவில்லை. பிறகு 1942இலிருந்து மாநில அரசு ரிக்கெட்ஸின் வாரிசுகளிடமிருந்து நிலத்தை வாங்கியது.

ஹைலேண்ட் டிரெயில் 1.2 மைல். அருவி கிடையாது, சத்தம் கிடையாது. நடுவில் பெரிய பெரிய பாறைகள் பிளந்து நிற்க, அவற்றின் இடுக்கு வழியே பாதை போகிறது. அதைத் தாண்டி ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். பசியில் அதன் ருசியே வேறு.

கனோகா இறக்கத்தில் மோஹாக், ஒனைடா, கயூகா எல்லாம் வேகமாகக் கடந்துபோகும். காரணம், அடுத்து இருப்பது 94 அடி கனோகா அருவி, இந்தப் பூங்காவிலேயே உயரமானது. மேலிருந்து வருவதால் அதன் முழு உருவமும் சட்டென்று தெரியாது. பக்கவாட்டுப் படிகளில் முழுதாக இறங்கி, கீழே நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கமாகச் சுற்றுவதில் நாம் விட்டுக்கொடுப்பது இது ஒன்றைத்தான். என் மனைவி இதை ஏற்கவில்லை. கனோகாவைக் கீழிருந்து ஏறித்தான் பார்த்திருக்க வேண்டும் என்று இன்றும் சொல்கிறாள். முழங்கால் வலுவாக இருக்கும் இளவட்டங்கள் அவள் பேச்சைக் கேட்கலாம். மாமா அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "ஐந்தருவி, பழைய அருவி எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார். குளிக்க விடாத வருத்தம் அப்போதும் தீர்ந்தபாடில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். உள்ளே செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுற்றுக்கு நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து ஆறு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தண்ணீர் நிறைய வேண்டுமென்றால் ஏப்ரல், மே. இலை நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர். ஆனால் அக்டோபர் சனி ஞாயிறுகளில் காலையிலேயே கார் நிறுத்தம் நிரம்பிவிடும். குளிர்காலத்தில் படிகள் பனிக்கட்டியாகிவிடும், ஐஸ் ஏறும் கருவிகள் இல்லாதவர்களை விட மாட்டார்கள். நடை முடிந்ததும் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உண்ணி கடித்து வரும் லைம் நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் பென்சில்வேனியா முன்வரிசையில் இருக்கிறது.

சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் 118ஆம் எண் சாலைக்குத் தெற்கே போய்விடுங்கள். கார் நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடையில் ஆடம்ஸ் அருவி. அங்கேயே எவர்கிரீன் டிரெயில் என்று ஒரு மைல் லூப், அதே மாதிரிப் பழைய ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே. நாங்கள் பெரிய சுற்றை முடித்த கையோடு மாமாவின் வற்புறுத்தலில் அதையும் சுற்றிவிட்டுத்தான் கார் ஏறினோம்.