டோக்கியோவில் இந்திரன் சந்நிதி

நம் ஊரில் இந்திரனுக்குக் கோயில் எங்கே என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வராது. பூம்புகாரில் 28 நாள் விழா கண்ட தெய்வம், இப்போது எட்டுத் திசைக் காவலர்களில் ஒருவராகச் சுருங்கிவிட்டார். அவருக்கென்று ஒரு கோயிலும், அந்தக் கோயிலை நம்பி ஒரு கடைவீதியும் டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் இருப்பது தெரிந்ததும், மற்ற திட்டங்களை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஷிபாமாட்டாவுக்குக் கிளம்பினேன். ஜப்பானியர் இந்திரனை தைஷாக்குடென் என்கிறார்கள்.

தகாசாகோவில் இறங்கி ஒரு குட்டி ரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே ஷிபாமாட்டா. நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் சந்நிதித் தெரு தொடங்குகிறது. மொத்தமே 200 மீட்டர்தான் இருக்கும். இரண்டு பக்கமும் பழைய மரக் கடைகள். அரிசி அப்பளம் மாதிரி ஒன்றைச் சுட்டு சோயா சாஸ் தடவும் வாசனை, விலாங்கு மீன் சுடும் புகை, மிட்டாய்க் கடையில் கத்தி தாளம் போட்டு நறுக்கும் ‘டக்டக டக்டக’. எதையும் வாங்கவில்லை. முதலில் சாமி, அப்புறம்தான் சாப்பாடு என்பது வீட்டில் பழகிய ஒழுங்கு.

வாசல் கோபுரம் 1896-ல் கட்டியது. இரு பக்கமும் காவல் நிற்பவர்களில் ஒருவர் கோமோகுடென், சமஸ்கிருதத்தில் விரூபாட்சன். நமக்கு அது சிவன் பெயர். இங்கே மேற்குத் திசைக் காவலருக்கு.

உள்ளே ஒரு போதிசத்துவர் சிலை. பக்தர்கள் தண்ணீர் ஊற்றி, தங்களுக்கு எங்கே வலியோ சிலையின் அதே இடத்தைப் பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பாட்டி முழங்காலை நன்றாகத் தேய்த்தார். நானும் முழங்காலைத்தான் தேய்த்தேன். அப்புறம் சந்நிதி முன் நின்று காசு போட்டு, முந்தைய நாள் ஷின்டோ என்ற ஜப்பானியப் பூர்விக மதக் கோயிலில் கற்றுக்கொண்டபடி இரண்டு முறை பலமாகக் கைதட்டிவிட்டேன். பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சத்தமில்லாமல் கைகூப்பிக் காட்டினார். இது நிச்சிரென் என்ற துறவியின் மரபில் வந்த பௌத்தக் கோயில். இங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. நம் கும்பிடே போதும்.

கோயில் 1629-ல் தோன்றியது. நிச்சிரென் செதுக்கியதாகச் சொல்லப்படும் இந்திரன் பலகை ஒன்று நடுவில் காணாமல் போய், 1779-ல் திருப்பணியின்போது கூரை உத்தரத்தில் கிடைத்தது. அது கோஷின் நாள். நான்கு வருடம் கழித்துப் பெரும் பஞ்சம் வந்தபோது, அந்தப் பலகையை முதுகில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார் தலைமைத் துறவி. கோயிலுக்குப் பேர் வந்தது அப்போதுதான்.

கோஷின் என்பது 60 நாளுக்கு ஒருமுறை வரும் நாள். மனித உடம்புக்குள் மூன்று பூச்சிகள் இருக்கின்றனவாம். அன்றிரவு நாம் தூங்கியதும் அவை மேலே போய், நாம் செய்த தப்பை எல்லாம் தேவலோகத்தில் ஒப்பித்துவிடுமாம். அதனால் அந்தக் காலத்தில் கூட்டமாக உட்கார்ந்து விடிய விடிய விழித்திருந்தார்கள். நமக்குச் சிவராத்திரி, அவர்களுக்குக் கோஷின். கோள் சொல்லும் வேலையைச் சித்திரகுப்தனிடம் கொடுக்காமல் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அகலிகை விஷயத்தில் மாட்டிக்கொண்டவர் ஊரார் பாவக் கணக்கைக் கேட்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது உண்மை.

காலணியைக் கழற்றிவிட்டு, சந்நிதியின் வெளிச்சுவரைச் சுற்றி வந்தேன். பிராகாரம் சுற்றுவது போலவே இருந்தது. சுவர் முழுக்க மரச் சிற்பம். தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலின் கதைகள், பத்துப் பலகைகள், ஒவ்வொன்றையும் ஒரு சிற்பி செதுக்கியிருக்கிறார். 1922-ல் தொடங்கிய வேலை. அடுத்த வருட பூகம்பத்தில் சேர்த்து வைத்த மரம் போய், மறுபடி மரம் தேடி, 1934-ல்தான் முடிந்தது. ஒரு பலகையில் மழை பெய்கிறது. மரத்தில் மழை! கனம் வெறும் 20 சென்டிமீட்டர். அதற்குள் முன்னால் ஆள், பின்னால் மரம், அதற்கும் பின்னால் மேகம். கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்று பார்த்தேன். பெயின்ட் இல்லை, மெருகு இல்லை. நம் தேர்ச் சிற்பம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு விருந்து.

பக்கத்தில் ஓடும் எடோ என்ற ஆற்றில் துடுப்புப் படகு உண்டு. நான் போன நேரம் காற்று பலம், படகு ஓடவில்லை. சரி என்று கடைத்தெருவுக்கே திரும்பினேன்.

இந்த ஊர்ப் பலகாரம் குசா டாங்கோ. அரிசி மாவில் யோமோகி இலையை அரைத்துப் பிசைந்து அவித்த பச்சை உருண்டை, மேலே இனிப்புப் பயற்று விழுது. யோமோகி நம் மரிக்கொழுந்துக்கு உறவுக்காரச் செடி. முதல் உருண்டையைக் கடித்ததும் அந்தக் கசப்பு கலந்த வாசனை மூக்கில் ஏறியது. பூக்கடையில் நின்று கொழுக்கட்டை தின்ற மாதிரி இருந்தது.

கிளம்பும்போது ஒரு பழைய கடையில் ‘ஹஜிகிசாரு’ வாங்கினேன். குச்சியில் கோத்த குரங்கு பொம்மை. அடியில் இருக்கும் மூங்கில் வில்லைச் சுண்டினால் குரங்கு எகிறி மேலே ஏறும். ஜப்பானிய மொழியில் ‘சாரு’ என்றால் குரங்கு, விலகிப் போவதற்கும் அதே சொல். சுண்டினால் பீடை ஓடும் என்று கணக்கு. ரயிலில் எதிரே உட்கார்ந்த குழந்தைக்காக நாலு தரம் சுண்டினேன்.

விடுதிக்கு வந்து ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிட்டேன். அன்று கோஷின் நாள் இல்லை. கோயிலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தேன்.