வால் ஓரத்துச் சிவப்பு

பல் டாக்டரிடம் டோக்கன் 23. உள்ளே போயிருந்தது 9. சரி என்று மொபைலில் பழைய விண்வெளிப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒரு படத்தில் வெறும் இருட்டு. ஓரத்தில் மங்கலாக ஆரஞ்சு கலந்த சிவப்பு. திரையில் அழுக்கு என்று நினைத்து சட்டை நுனியால் துடைத்தேன். போகவில்லை.

1982 மார்ச். கொலம்பியா விண்ணோடத்தின் மூன்றாவது பயணம். பூமியின் இரவுப் பக்கத்தில் விண்வெளி வீரர்கள் லௌஸ்மாவும் ஃபுல்லர்டனும் எடுத்த படம். அந்தச் சிவப்பு, வால் பகுதி தானாக ஒளிர்வது.

240 கிலோமீட்டர் உயரத்திலும் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் ஒற்றை ஆக்ஸிஜன் அணுக்கள். நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடம் அவற்றின் மேல் மோதுகிறது. ஓடத்தின் பரப்பில் ஒட்டியிருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடோடு அவை சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்ஸைடாகி, விலகிப் போகும்போது ஒளி விடுகின்றன. அதனால்தான் ஒளி பரப்போடு நிற்காமல் ஒரு சாண் வெளியே வரை பரவி நிற்கிறது!

அடுத்தடுத்த பயணங்களில் கேமரா முன்னால் கீற்றணி வைத்து ஒளியைப் பிரித்து அளந்தார்கள். ஒளியின் உச்சம் 680 நானோமீட்டர் அலைநீளம் பக்கம், அதாவது சிவப்பு. பரப்பு எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு பிரகாசமாம். நான் நேர்மாறாகத்தான் நினைத்திருப்பேன்.

காற்று மறைக்கிறதென்று தொலைநோக்கியை மேலே தூக்கிப்போனால், தூக்கிப்போன வண்டியே விளக்காக நிற்கிறது. மங்கலான நட்சத்திரத்தைத் தேடுபவருக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்!

டோக்கன் 11.