அப்பாவின் இடது பக்கம்

பாரிசவாதம் வந்த அப்பாவை மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியதும், எங்கள் ஊர் ஒட்டுசுட்டானில் விசாரித்த எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அங்க என்ன மெசின் வச்சிருக்கினம்?" மெசின் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், நாலைந்து மரப்படிகள், ஆளுயரக் கண்ணாடி.

பாரிசவாதம் வந்து நாலரை மணித்தியாலத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். அப்பாவுக்கு நித்திரையால் எழும்பும்போதே இடது கையும் காலும் விழுந்திருந்தன. எப்போது தொடங்கியதென்று தெரியாததால் ஊசி இல்லை என்றார்கள். பயிற்சியைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

முதலில் இருந்த பொது வாட்டில் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. செய்தி காவுவது நாங்கள்தான். இங்கே வைத்தியர், தாதியர், நடக்கப் பழக்கும் இயன்மருத்துவர், அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் எல்லோரும் கிழமைக்கு ஒருதரம் இருந்து அப்பாவைப் பற்றிக் கதைத்தார்கள். பாரிசவாதத்துக்கென்றே இப்படிக் குழுவாக இயங்கும் பிரிவுகளில் இறப்பும் பிறர் தயவில் வாழ வேண்டிய நிலையும் குறைவு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அப்பாவோடு இருந்து பார்த்தபோது காரணம் விளங்கியது. விழுங்குவதைச் சோதிக்காமல் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. தண்ணீருக்கு இருமினார், கட்டியான குரக்கன் கஞ்சி இறங்கியது. தூக்கும்போது இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும் என்பதைக் கூட்டித் துடைக்கும் அக்காவும் அறிந்திருந்தார்.

கோப்பையில் இடது பக்கச் சோறு அப்படியே கிடக்கும். பசியில்லை என்று அம்மா கவலைப்பட்டா. பசி இருந்தது, அந்தப் பக்கம் ஒன்று இருப்பதையே மூளை கவனிக்கவில்லை. "அம்மா, நீங்கள் இடது பக்கம் இருந்து கதையுங்கோ" என்றார் சிகிச்சையாளர். அதுவும் ஒரு பயிற்சியாம்.

குறையும் உண்டு. பயிற்சி நாளுக்கு அரை மணித்தியாலம் வந்தால் பெரிய விஷயம், சனி ஞாயிறு அதுவும் இல்லை. பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரே பல இடங்களுக்கு ஓடினார். மிச்ச நேரத்தில் பயிற்சி கொடுத்தது அம்மாவும் நானும்தான். ஆரம்ப நாட்களில் அதையும் அளவோடுதான் செய்யவிட்டார்கள். முதல் 24 மணித்தியாலத்துக்குள் எழுப்பி, கூடுதலாகப் பயிற்சி கொடுத்தவர்களுக்குப் பலன் குறைந்ததாக 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நம்மாட்கள் சும்மா விடுவார்களா, பார்க்க வந்த பெரியப்பா "எழும்பி நடவடா" என்று அதட்டிப் பார்த்தார்.

எங்கள் முற்றம் மணல். மாபிள் தரையில் வழுக்கிப் போன வாக்கர் அங்கே புதையும் என்று சொன்னதும், இயன்மருத்துவர் அப்பாவைக் கட்டடத்துக்கு வெளியே மண்ணில் நடக்க வைத்து, வாக்கருக்குப் பதில் ஊன்றுகோல் பழக்கினார். வீட்டு மலசலகூடம் குந்துகிற மாதிரி. பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி மேலே வைத்தோம், ஆடாமல் இருக்கக் கால்களைக் கட்டினோம்.

இப்போது கிளினிக் நாளில் பஸ் ஏறுவதுதான் பெரும்பாடு. மேல்படியில் நின்று ஒருவர் இடுப்புப் பட்டியைப் பிடிக்க வேண்டும். கொண்டக்டர் தம்பி அதைப் பழகிவிட்டான்.