வேலையில் தீர்த்த சிக்கலை உங்கள் பெயரில் எழுதி வையுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கொழும்பு சொஃப்ட்வெயர் கம்பனிகளில் இருக்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு டீமுக்கு வேலை செய்பவர்களும் உண்டு. ஆனால் இவர்கள் செய்யும் வேலை வெளியில் யாருக்கும் தெரியாது. கோட் கம்பனியின் பிரைவேட் ரெப்போவில், அதாவது வெளியார் பார்க்க முடியாத கோட் களஞ்சியத்தில் இருக்கும். பிழையைத் தேடிப் பிடித்த விவரம் கம்பனிக்குள் வேலையைப் பதியும் டிக்கெட்டில் இருக்கும். அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் பேசியது இருக்கும் என்று நம்பவும் முடியாது, இலவசத் திட்டத்தில் 90 நாளைத் தாண்டிய பேச்சு கண்ணுக்குத் தெரியாது. வேலையை விடும் நாளில் லாகினை நிறுத்திவிட்டால் மிஞ்சுவது ஒரு சேவைச் சான்றிதழும் சீவியில் நாலு வரியும்தான்.

கொழும்பில் படித்து வளர்ந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்ல கெம்பஸ் சீனியர், பழைய கூட்டாளி என்று ஆட்கள் இருப்பார்கள். லயத்தில் இருந்து முதல் தலைமுறையாக இந்தத் துறைக்குப் போனவருக்கு அந்த ஆள்பலம் கிடையாது. அவருக்காகப் பேச, வேலையில் தீர்த்த சிக்கல்களைப் பற்றி இணையத்தில் அவர் எழுதியதுதான் இருக்கிறது. நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் எதிர்த்தரப்பு உங்கள் பெயரைத் தேடும்போது, ஒரு சிக்கலை நீங்கள் எப்படிப் பிரித்து யோசிக்கிறீர்கள் என்று காட்டும் பத்துப் பக்கம் அகப்பட்டால் அது சீவியைவிடப் பெறுமதியானது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தமிழில் ஓடும் சிஸ்டங்களில் வரும் சிக்கல்களைத் தமிழில் வேலை செய்பவர்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

ஒரு கடன் சங்கம் தன் அங்கத்தவர்களுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் சோதித்தால் 160 எழுத்து ஒரே செய்தியில் போய்விடும். இடையில் ஒரேயொரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் ஒவ்வொரு எழுத்துக்கும் கூடுதல் இடம் பிடிக்கும் யூசிஎஸ்-2 முறைக்கு மாறி, எல்லை 70 ஆகச் சுருங்கும். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போகும், ஒரு துண்டுக்கு 67தான் இடம். கணினி எண்ணும் விதமும் வேறு. ‘நுவரெலியா’ நமக்கு ஐந்து எழுத்து. உயிர்மெய்க் குறிகளைத் தனியாக எண்ணும் கணினிக்கு அது ஒன்பது. அப்படி எண்ணி 160 வரும் தமிழ்ச் செய்தி மூன்று துண்டாகும். ஒரு செய்திக்கு என்று செலவு போட்டிருந்தால் மாதக் கடைசியில் பில் மூன்று மடங்காக வந்து நிற்கும்.

டேட்டாபேஸிலும் இதே மாதிரி ஒன்று. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் ‘யூடிஎஃப்8’ என்ற பழைய கேரக்டர் செட், அதாவது எழுத்துக்களைச் சேமிக்கும் முறை, ஒரு குறிக்கு அதிகபட்சம் 3 பைட்தான் கொடுக்கும். தமிழுக்கு அது போதும் என்பதால் சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பாவனையாளர் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் இமோஜி போட்டதும், அதற்கு 4 பைட் தேவைப்படுவதால், 1366 எரர் வந்து பதிவு நின்றுவிடும். டேபிளை ‘யூடிஎஃப்8எம்பி4’க்கு மாற்ற வேண்டும். கூடவே அப்ளிகேஷன் டேட்டாபேஸோடு இணையும் கனெக்ஷன் செட்டிங்கையும் மாற்ற வேண்டும், பலர் விடுவது இரண்டாவதைத்தான்.

இப்படி ஒன்றை எழுத உட்காரும்போதுதான் ‘ஏன் 67, ஏன் 70 இல்லை’ என்ற கேள்வியே எழும். ஒவ்வொரு துண்டிலும் அவற்றைத் திரும்பச் சேர்ப்பதற்கான தகவல் கொஞ்ச இடத்தைப் பிடிக்கிறது என்று அப்போது தேடித் தெரிந்துகொள்வீர்கள். தெரியும் என்று நினைத்ததில் எது தெரியாதது என்பதை எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

வாசிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. தோட்டப் பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடப்புத்தகத்தைத் தாண்டி ஒரு படி வைக்கப் பார்த்தால் அவர்கள் முன் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும்தான்.

எழுதும் முறை சிக்கலானதல்ல. எரர் செய்தியை எழுத்து மாறாமல் முதலில் ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போட்டால் தேடலில் அகப்படாது. அடுத்து எந்த வெர்ஷன், எந்த ஒபரேட்டிங் சிஸ்டம். பிறகு அந்தப் பிழையைத் திரும்ப வரவைப்பது எப்படி, காரணம் என்ன, தீர்வு என்ன, தீர்ந்துவிட்டது என்று எப்படி உறுதிசெய்தீர்கள். விளக்கம் தமிழில் இருக்கட்டும். தலைப்பையும் எரரையும் ஆங்கிலத்தில் விட்டு, மேலே இரண்டு வரி ஆங்கிலச் சுருக்கம் சேர்த்தால் வேலை கொடுப்பவருக்கும் புரியும். நானூறு சொல் தாராளம்.

கம்பனி இரகசியத்தில் கவனம் வேண்டும். ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் மெனேஜரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பனிக் கோடை வெட்டி ஒட்டாமல், அதே பிழை வரும் சிறிய செய்நிரல் ஒன்றை உங்கள் சொந்த லெப்டொப்பில் புதிதாக எழுதிக் காட்டுங்கள். படங்களில் வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கமோ தொலைபேசி எண்ணோ இருந்தால் மங்கலாக்குவது போதாது, அந்தப் பகுதியையே வெட்டி எடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. ஏபிஐ கீ, அதாவது ஒரு சேவைக்குள் நுழையும் இரகசியச் சாவி, தவறி கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஏறிவிட்டால் அந்த வரியை அழிப்பதில் பயனில்லை, கொமிட் எனப்படும் பழைய பதிவில் அது அப்படியே இருக்கும். முதலில் கீயை இரத்துச் செய்யுங்கள்.

இதையெல்லாம் போடும் தளத்துக்கு, எழுதியதை வலைப்பக்கமாக்கும் ஹியூகோவும் அதை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் பேஜஸும் போதும். டேட்டாபேஸ் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. 1 ஜிபி வரை இடம் தருகிறார்கள், எழுத்துக்கு அது முடியவே முடியாது. மலைநாட்டுக்கு இது பொருந்துவதற்குக் காரணம், எழுதுவதும் கொமிட் செய்வதும் இணைப்பு இல்லாமலே நடக்கும். சிக்னல் பிடிக்கும் இடத்துக்கு வந்ததும் ஒரு புஷ் செய்து கிட்ஹப்புக்கு அனுப்பினால் சரி. வாசிப்பவரும் பள்ளத்தாக்கில் ஒற்றைக் கோட்டுச் சிக்னலில், ரீலோட் போட்ட டேட்டாவில் இருப்பார். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றுவது அவர் காசைத் தின்பது. 1200 பிக்ஸல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 100 கேபி பக்கத்தில் வந்துவிடும். தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்கவும் வேண்டாம், இன்றைய போன்களில் அது உள்ளேயே இருக்கிறது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள் பழைய குறிப்புகளை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். அது உள்ளுக்குள் ஆங்கில எழுத்து, தளத்தில் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பின் ‘கொ’, ‘கோ’ வரும் சொற்களைச் சரிபாருங்கள். கொம்புக்கும் காலுக்கும் இடையில் இடைவெளி விழுந்தோ, ஒற்றைக் கொம்பு இரட்டையாகியோ போவது அங்கேதான். பக்கத்தின் முகவரியை ஆங்கில எழுத்தில் வையுங்கள். ‘பதுளை’ என்று தமிழில் வைத்தால் வட்ஸ்அப்பில் ஒட்டும்போது அந்த மூன்று எழுத்தே 45 குறிகளாக நீளக்கூடும்.

ஏற்றிய பக்கம் தெரியவில்லை என்றால் முதலில் அந்தப் பக்கத்தின் கோப்பில் நீங்கள் எழுதிய திகதியையும் நேரத்தையும் பாருங்கள். கிட்ஹப்பின் கணினி உலக நேரத்தில் ஓடுகிறது, நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். காலை 9 மணி என்று மட்டும் எழுதினால் ஹியூகோ அதை வரப்போகும் நேரமாக எடுத்துப் பக்கத்தை ஒதுக்கிவிடும், எரரும் காட்டாது. நேரத்தோடு +05:30 சேர்த்தால் தீரும். படம் மட்டும் வரவில்லை என்றால் கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, சேர்வர் விடாது. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில் வைத்துப் பழகுங்கள்.