அம்மாச்சி வேண்டிக்கிட்ட மொட்டை

வேண்டிக்கொண்டது என் அம்மா. முடி கொடுக்க வேண்டியது என் மகன். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான்.

போன ஐப்பசி மழையில் பெரியவனுக்கு டெங்கு வந்துவிட்டது. சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தான். தட்டணு இறங்கிக்கொண்டே போய், "ரத்தம் ஏத்தற மாதிரி இருக்கும், தயாரா இருங்க" என்று டாக்டர் சொன்ன ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். அம்மா அழவில்லை. "வையி போனை" என்றாள். சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு, அப்புறம்தான் திரும்பக் கூப்பிட்டாள். "வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டேன்டி. மொட்டையும் மாவிளக்கும். இனி தையல்நாயகி பாத்துக்குவா, நீ தூங்கு."

மறுநாள் சாயந்தரம் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. டாக்டரும் நர்ஸ் பிள்ளைகளும் ராப்பகலாகப் பாடுபட்டார்கள், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். அவர்கள் கையில் இருந்தது யார் என்பது எங்கள் வீட்டில் கேட்கப்படாத கேள்வி.

பரீட்சை எல்லாம் முடிந்து மே மாத லீவுக்கு ஊருக்குப் போகும்போது செலுத்திவிடலாம் என்று இருந்தோம். எங்கள் ஊர் மயிலாடுதுறைக்கும் மணல்மேட்டுக்கும் நடுவே. ராத்திரி ரயில் ஏறினால் விடியும் நேரத்துக்கு சீர்காழி தாண்டும். அடுத்து வைத்தீஸ்வரன்கோயில் ஸ்டேஷன். தூக்கக் கலக்கத்தில் இருந்த இரண்டையும் எழுப்பி ஜன்னலோரம் நிறுத்திக் கும்பிட வைத்தேன். சின்னவள் கண்ணைத் திறக்காமலே கும்பிட்டாள். அதுவும் கணக்கில் சேரும்.

ஊரில் அவர்களுக்கு வேறென்ன வேண்டும். மேட்டூரில் தண்ணீர் திறக்கிற ஜூன் 12 வரைக்கும் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, காவிரி மணலில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு விளையாடுவார்கள். குளிக்கிறது எதிர்வீட்டு மாமா கொல்லைப் பம்புசெட்டில். பத்து மணிக்கு நுங்கு வெட்டுகிற ஆள் வருவார். மொட்டை மாடியில் அம்மா வடாம் பிழிய, காக்காய் விரட்டுகிற வேலை சின்னவளுக்கு. விரட்டினதைவிட ஈர வடாமைப் பிய்த்துத் தின்றதுதான் அதிகம். அப்பா வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, முழங்காலுக்குத் தைலம் தடவியபடி, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் "பேரப்புள்ளைங்க வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவே தெரிந்துகொண்ட பிறகும் சொன்னார்.

வந்த மறுநாளே ஒன்று கவனித்தேன். அம்மா விடிகாலையில் டிகாஷன் இறக்கி, எல்லோருக்கும் காபி கலந்து, ஆற்றி, கையில் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் நீராகாரம் குடித்தாள். காபி இல்லையென்றால் தலைவலியில் சுருண்டு படுத்துவிடுகிற பிறவி அவள். "என்னம்மா இது?" என்றால், "பித்தம் ஏறுதுடி, வெயில் காலம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். வயசாகிறது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

மொட்டை விஷயத்தைச் சொன்னதும் பெரியவன் ஆரம்பித்துவிட்டான். நாலாம் வகுப்பு முடித்தவன், கண்ணாடி முன்னால் நின்று தலைவாருகிற பருவம் அதற்குள் வந்துவிட்டது. "ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள வளராதும்மா. எல்லாரும் தலையில தட்டுவாங்க. அம்மாச்சிதானே வேண்டிக்கிட்டாங்க, அவங்களே போட்டுக்கட்டும்." அம்மா காதிலேயே விழுந்தது. "முள்ளு முள்ளா வந்துடும்டா ராசா" என்று மட்டும் சொன்னாள். என் வீட்டுக்காரர், பூ முடி கொடுத்தால் போதாதா என்று நைசாக ஒரு வழி சொல்லிப் பார்த்தார். அம்மா பதிலே சொல்லாமல் அரிசியை ஊறப்போடப் போய்விட்டாள்.

மறுநாள் தாத்தாவோடு பம்புசெட்டுக்குப் போய்விட்டு வந்தவன், "சரிம்மா, போட்டுக்கறேன்" என்றான். அவ்வளவுதான். அப்பா ஏதோ பேட் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைதான் போகணும் என்று அம்மாவுக்குப் பிடிவாதம். அங்காரகன் ஸ்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமை எவ்வளவு கூட்டம் வரும் என்று போனவர்களுக்குத் தெரியும், அதுவும் கத்திரியில். அப்பா முழங்காலுக்காக வாடகைக் கார் வைத்தோம். ஏசி வேலை செய்யவில்லை. நான் முணுமுணுத்ததற்கு, "செட்டிநாட்டுலேருந்து சித்திரை வெயில்ல நடந்தே வர்றாங்க. நீ உக்காந்துகிட்டு அழுவுறியே" என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள். மாவு இடித்த தூக்கு அவள் மடியில். இறங்கும்வரை யார் கையிலும் கொடுக்கவில்லை.

காரை விட்டு இறங்கியதுதான் தாமதம், நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "சார், நாடி பாக்கணுமா? அகத்தியர் நாடி சார், கட்டைவிரல் ரேகை மட்டும் போதும்." ஊரெங்கும் இந்தப் பலகைகள்தான். ஓலை பார்க்கிறதில் நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. சாமி கும்பிட வருகிறவனைக் கோபுரம்கூடப் பார்க்க விடாமல் வழிமறிக்கிறதுதான் சகிக்கவில்லை. ஒருவர் கூடவே வந்து, "பையனுக்குச் செவ்வாய் தோஷம் இருக்கும்போலத் தெரியுதும்மா" என்றார். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஆளைக் காணோம். அடுத்து அர்ச்சனைத் தட்டுக்காரர்கள். இருநூறுக்குக் குறைந்து பேச்சே கிடையாது. உப்பும் மிளகும் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டி வந்திருந்ததால் தப்பித்தோம்.

மொட்டைக்கு உட்கார்ந்த பெரியவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அழுததெல்லாம் சின்னவள். "எனக்கும் காய்ச்சல் வந்துச்சுல்ல, எனக்கு மட்டும் ஏன் போடல?" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். கன்னத்தில் துளி சந்தனம் வைத்த பிறகுதான் ஓய்ந்தாள். அவனைக் குளிப்பாட்டி, மண்டை முழுக்கச் சந்தனம் பூசியபோது, ஆஸ்பத்திரியில் தொட்டால் அனலாய்ச் சுட்ட அதே தலை என் உள்ளங்கைக்குள் சில்லென்று இருந்தது. ஈரத் துண்டை வைத்து என் முகத்தை மூடிக்கொண்டேன்.

சித்தாமிர்தக் குளத்தில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு, வெல்லக் கட்டியைக் கரைத்துவிட்டு உள்ளே போனோம். கல்தரை கொதித்தது. அப்பா என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தார். வரிசை நகரவே இல்லை. இடையில் புகுந்து போகிறவர்களைச் சொல்லிப் பிரயோசனமில்லை, கேட்டால் நமக்கு முன்னால் சாமிக்கே தெரிந்தவர்கள் மாதிரிப் பேசுகிறார்கள். வைத்தியநாத சுவாமியை நல்லபடியாகத் தரிசித்தோம். இங்கே முருகனான செல்வமுத்துக்குமரனிடம் நின்றபோது அம்மாவுக்கு ஒரு குறை. அர்த்தசாமப் பூஜை வரை இருந்து, புனுகு சாத்தின புழுகாப்பும் நேத்திரப்பிடிச் சந்தனமுமாக அவனைப் பார்க்க முடியவில்லையே என்று. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதுவரை எங்கே இருப்பது.

ஜடாயு குண்டத்தில் அப்பா உட்கார இடம் கிடைத்தது. பேரனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, சீதையை ராவணன் தூக்கிப்போனபோது மறித்துச் சண்டை போட்டு இறகு வெட்டுப்பட்ட கதையைச் சொன்னார். ராமர் தகனம் பண்ணின இடம் இது, அந்தச் சாம்பல்தான் இங்கே விபூதி என்றார். "கழுகுக்கா தாத்தா ராமர் கொள்ளி வெச்சாரு?" என்று கேட்டான். "ஆமாடா. பெத்த அப்பாவுக்கு வைக்கக் குடுத்து வைக்கல, அவரு காட்டுல இருந்தாரு. தசரதனுக்குச் சிநேகிதன் இது. இதுக்கு வெச்சாரு." அந்த விபூதியை அவன் மொட்டைத் தலையெல்லாம் பூசிவிட்டார். சந்தனத்துக்கு மேலே விபூதி. சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியாகத் தையல்நாயகி. தைலமும் சஞ்சீவியும் வில்வத்தடி மண்ணும் எடுத்துக்கொண்டு, 4448 வியாதிக்கும் மருந்து கொடுக்க வந்த சுவாமிக்குத் துணையாக வந்தவள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. அம்மா ஓரமாக உட்கார்ந்து, மாவைப் பிசைந்து உருட்டி, நடுவில் குழித்து, நெய் ஊற்றித் திரியைப் போட்டாள். ஏற்றினாள். அணைந்தது. மறுபடி ஏற்றினாள். எங்கிருந்தோ வருகிற காற்றிலும் ஆட்கள் புடவை உரசுகிற வேகத்திலும் மறுபடி அணைந்தது. அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. விளக்கு அணைந்தால் அவள் மனசு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அப்போது யாரென்றே தெரியாத ஒரு பெண், கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி குனிந்து, இன்னொரு கையை விளக்குக்கு மறைப்பாக வைத்தாள். "ஏத்துங்க ஆத்தா" என்றாள். சுடர் நின்றது. அவள் நகர்ந்து கூட்டத்தில் போய்விட்டாள், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. வந்தது யார் என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுத்துப் பேச மாட்டேன்.

அந்த நேரம் குருக்கள் தீபாராதனை காட்டினார். கற்பூர வெளிச்சத்தில் அம்பாளின் மூக்குத்தி பளிச்சென்று தெரிந்து, அந்த முகம் முழுசாகத் தெரிந்தது. பின்னால் இருந்து நகருங்கள், நகருங்கள் என்று சத்தம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பெரியவன் கும்பிட்ட கையோடு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, உரக்கவே கேட்டான்:

"அம்மாச்சி, இனிமே நீங்க காபி குடிக்கலாம்ல?"

எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. அப்பா வேறு பக்கம் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. நான் போன் போட்ட அந்த ஐப்பசி ராத்திரியிலிருந்து, பேரன் இந்தச் சன்னதியில் வந்து நிற்கிறவரை காபி தொடுவதில்லை என்று சொல்லிவிட்டிருக்கிறாள். கார்த்திகை, மார்கழிக் குளிர், தைப் பொங்கல், வீட்டுக்கு வருகிற விருந்தாளி, எத்தனை தலைவலி. பெற்ற மகள் எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அப்பாவுக்கு மட்டும் தெரியும், அவர் பம்புசெட்டுத் தொட்டியில் வைத்து இவனிடம் சொல்லியிருக்கிறார். பேட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

அங்காரகனைப் பார்த்தோமா, கொடிமரத்தடியில் யார் முதலில் விழுந்து கும்பிட்டோம், எந்த வாசல் வழியாக வெளியே வந்தோம் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. தலவிருட்சமான வேம்பைச் சுற்றினதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு அந்தச் சன்னதி மட்டும்தான் நினைவிருக்கிறது. என்ன கேட்டேன், என்ன சொன்னேன் என்றும் தெரியாது. தாயே, தாயே என்றுதான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

தெற்கு வீதி ஓட்டலில் முதல் காபியை அம்மா பாதிதான் குடித்தாள். "தண்ணியா இருக்கு" என்று குறை வேறு. பேரன் தொப்பியைக் கழற்றிவிட்டு மொட்டைத் தலையோடு எதிரே உட்கார்ந்து, அவள் குடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரசாதமாகக் கிடைத்த திருச்சாந்துருண்டையைப் பத்திரமாகச் சென்னைக்குக் கொண்டுவந்து பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். மண்ணும் ஜடாயு குண்டத்து விபூதியும் சேர்த்து, சித்தாமிர்தத் தீர்த்தம் விட்டு, முத்துக்குமரன் முன்னால் அரைத்து உருட்டினது அது. எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சுட்டாலும் மாத்திரை பாட்டுக்கு மாத்திரை, இது பாட்டுக்கு இது.

தையல்நாயகி, நீ கொடுத்தாய், நாங்கள் வந்து செலுத்திவிட்டோம் என்று கணக்கு முடிக்கத் தெரியவில்லை எனக்கு. கொடுத்தவளிடமே இன்னொன்றும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்பா முழங்கால் சரியாகி, அடுத்த கோடையில் யார் தோளையும் பிடிக்காமல் அவர் உன் பிரகாரம் சுற்றி வந்தால், வெள்ளியில் கால் உரு வாங்கி உண்டியலில் போடுகிறேன். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "வெள்ளி கிடக்கட்டும், நீ எதைடி விட்டே?" என்பாள்.