டர்பனிலிருந்து ஒரு கூட்டாய்வு: எத்திக்ஸ் அனுமதி கைக்கு வரும் வரை

எத்திக்ஸ் குழுவின், அதாவது ஆய்வு நெறிமுறைக் குழுவின், அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. அச்செடுத்துக் கோப்பில் வைத்தாயிற்று. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்காரர்களோடும் வேறு துறைக்காரர்களோடும் சேர்ந்து ஆய்வு செய்யக் கிளம்பும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், நான் அலைந்ததில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகும்.

ஆய்வு என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்களின் வாரிசுகள் டர்பனிலும் மொரீஷியஸிலும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலும் இருக்கிறார்கள். மொரீஷியஸுக்கு 1834-லிருந்து போனார்கள். இங்கே 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது. 1911 வரை 1,52,184 பேர் வந்து இறங்கினார்கள். ரீயூனியனுக்கு 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் போட்ட உடன்படிக்கைக்குப் பிறகு ஏராளமானோர் போனார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் மூன்று தேசங்களில், மூன்று விதச் சமையலில் நான்கைந்து தலைமுறை வாழ்ந்திருக்கிறார்கள். சர்க்கரை நோய், சாப்பாடு, குடும்ப வரலாறு மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதுதான் எங்கள் கேள்வி. மருத்துவர்கள், சமூகவியல்காரர்கள், வரலாற்றுப் பக்கத்துக்கு நான்.

இந்தக் கேள்விக்கு உயிர் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொரீஷியஸ் அரசு 1987-இல் ரேஷன் சமையல் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து முழு சோயா எண்ணெயாக மாற்றியது. 1992-இல் அளந்தபோது மக்களின் சராசரி ரத்தக் கொழுப்பு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. அந்த மாற்றத்துக்கு எண்ணெய் மட்டுமே காரணமல்ல, ஆனால் பெரிய பங்கு அதற்கு உண்டு என்று கணித்திருக்கிறார்கள். ஒரு தீவின் வாணலியில் நடந்ததை டர்பன் வாணலியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

சரி, அலைச்சலுக்கு வருகிறேன்.

முதல் அடி, எந்தக் குழுவிடம் போவது என்பதிலேயே விழுந்தது. இங்கே பல்கலைக்கழகங்களில் மருத்துவ ஆய்வுக்கு ஒரு எத்திக்ஸ் குழு, சமூக, மானுட ஆய்வுக்கு வேறொரு குழு இருக்கும். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலும் அது மருத்துவ ஆய்வு. நாலு மணி நேரம் பாட்டியிடம் கதை கேட்டால் அது சமூக ஆய்வு. இரண்டும் ஒரே நாளில், ஒரே வீட்டில் நடந்தால்? சமூகக் குழுவின் அலுவலக ஊழியர் கோப்பைத் திறக்கவே இல்லை. தலைப்பில் ‘நீரிழிவு’ என்று பார்த்ததும் “இது எங்களுடையது அல்ல” என்று திருப்பி நீட்டினார். மருத்துவக் குழுவின் வாசலில் இருந்தவரோ “வாய்மொழி வரலாறு நாங்கள் பார்ப்பதில்லை” என்றார். இரண்டு பேருமே எழுதித் தர மறுத்தார்கள். கடைசியில் மருத்துவக் குழுவின் தலைவருக்கே நேரடியாக மின்னஞ்சல் எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: எங்களுக்கே அனுப்புங்கள், சமூகக் குழுவிலிருந்து ஒருவரை நாங்கள் கூப்பிட்டுக்கொள்கிறோம். வாசலில் கேட்காதீர்கள். குழுத் தலைவருக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே படிவத்தைத் தொடுங்கள்.

படிவத்தைத் தொட்டபோது அடுத்தது. அலுவலகத்தில் கையில் கொடுத்த சம்மதப் படிவ மாதிரியே பழையது. சுகாதார ஆய்வு நெறிமுறைக்கான தேசிய வழிகாட்டி 2024-இல் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. அவர்கள் கொடுத்ததை வரிக்கு வரி நிரப்பி அனுப்பினால், “மாதிரி காலாவதியானது” என்று அதே அலுவலகத்திலிருந்து திரும்பி வருகிறது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. படிவத்தின் அடியில் பதிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை வாங்காதீர்கள்.

கேட்கீப்பர் கடிதம், அதாவது ஆய்வு நடக்கும் இடத்தின் பொறுப்பாளர் தரும் சம்மதக் கடிதம் பற்றி இங்கே படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கமிட்டி, முதியோர் சங்கம் இரண்டும் கேட்ட அன்றே கொடுத்தார்கள். கோயில் செயலாளர் அண்ணன் வீட்டிலேயே தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, கூடவே ஒரு தட்டு முறுக்கும் கொடுத்தனுப்பினார். மல்லுக்கட்டு அரசு மருத்துவமனைப் பக்கம்தான். எத்திக்ஸ் அனுமதி இருந்தால்தான் கடிதம் என்கிறது அனுமதி தர வேண்டிய அலுவலகம். கடிதம் இருந்தால்தான் அனுமதி என்கிறது குழு. இதற்கு ஒரு வழி உண்டு, யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்: குழுவிடம் நிபந்தனையோடு கூடிய தற்காலிக அனுமதி கேளுங்கள். அதை வைத்து அலுவலகக் கடிதத்தை வாங்கி, அந்தக் கடிதத்தைக் காட்டி முழு அனுமதி வாங்கலாம். சான்றளித்த நகல்களை மட்டும் முன்கூட்டியே எடுத்துவைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரை என்றால் பெரும்பாலான இடங்களில் செல்லாது. நான் ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக போலீஸ் ஸ்டேஷனில் போய் முத்திரை வாங்கினேன். அங்கே இலவசம், கூட்டமும் இல்லை.

இனி வருவதுதான் உண்மையான சிக்கல். நிதி கொடுக்கும் ஐரோப்பிய அமைப்பு மூன்று நாட்டிலும் ஒரே கேள்வித்தாள் வேண்டும் என்றது. அதில் முதல் கேள்வி இனம். தென்னாப்பிரிக்காவில் இது யாரையும் உறுத்தாது; 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அந்தக் கட்டம் இருந்தது. இங்கே அந்தக் கட்டம் இல்லாவிட்டால் நிறவெறி ஆட்சி செய்த அநியாயத்தை அளக்கவே முடியாது. ஆனால் ரீயூனியன் பிரான்சின் மாகாணம். பிரெஞ்சு அரசியல் சாசன மன்றம் 2007 நவம்பர் 15 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆய்வுக்காகக்கூட இன அடிப்படையில் மக்களை வகைப்படுத்துவது சாசனத்துக்கு விரோதம். பெயர், பூர்வீக நாடு போன்ற புறத்தகவல்களைக் கேட்கலாம், இனத்தைக் கேட்கக் கூடாது. மொரீஷியஸிலோ 1972-க்குப் பிறகு எந்தச் சமூகம் என்ற கேள்வியையே கணக்கெடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மக்களைப் பிரிக்கும் என்ற அச்சம். மூன்று நாட்டுச் சட்டமும் மூன்று விதமான காயங்களிலிருந்து பிறந்தவை. எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நிதி அமைப்பின் திட்ட அலுவலருக்கு எந்த அருகதையும் இல்லை. ஆனால் அவர் மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சலாக “ஒத்திசைவு, ஒத்திசைவு” என்றே எழுதிக்கொண்டிருந்தார்.

தீர்வு மொரீஷியஸிலிருந்து வந்தது. அங்கே கணக்கெடுப்பில் முன்னோர்களின் மொழி எது என்று கேட்டுப் பழக்கம் உண்டு. இனக் கட்டத்தைத் தூக்கிவிட்டு, முன்னோர் மொழி, வீட்டில் இப்போது பேசும் மொழி, தாத்தா பாட்டி பிறந்த ஊர் என்று மூன்று கேள்விகள் வைத்தோம். ரீயூனியன் நண்பர் அதைத் தங்கள் சட்ட ஆலோசகரிடம் காட்டிவிட்டு ‘போகலாம்’ என்றார். டர்பனில் மட்டும் கூடுதல் கேள்வியாக இனக் கட்டம் தனியே இருக்கும். ஆய்வுக்கும் இதுவே நல்லது. ‘இந்தியர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் தெலுங்கும் தமிழும் போஜ்புரியும் குஜராத்தியும் அடங்கிப்போவதைவிட இந்த மூன்று பதில்களில் எனக்குக் கிடைக்கும் வரலாறு அதிகம். நிதி அமைப்பும் கடைசியில் ஒத்துக்கொண்டது. ரீயூனியனில் மனிதர்களை வைத்து மருத்துவ ஆய்வு செய்வோர் ஒன்றை மனதில் வையுங்கள்: கோப்பு எந்தக் குழுவுக்குப் போகும் என்பது குலுக்கலில் முடிவாகும். அது பாரிஸுக்கும் போகலாம், வேறெந்த ஊருக்கும் போகலாம். ஆகவே தீவு எப்படிப்பட்டது, அங்கிருக்கும் மலபார் சமூகம் (தமிழ் வழியினரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) யார் என்று முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுங்கள்.

மருத்துவத் துறையும் வரலாற்றுத் துறையும் முட்டிக்கொண்டது பெயர் விஷயத்தில். மருத்துவத்தில் பெயரை எடுத்துவிட்டு எண் கொடுப்பதுதான் மரியாதை. எங்கள் துறையில் பெயரை அழிப்பதுதான் அவமரியாதை. முன்னோட்டமாக டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு ஆயாவிடம் படிவத்தை வாசித்துக் காட்டினேன். “உங்களுக்கு ஒரு எண் கொடுப்போம் ஆயா, பேரு எங்கயும் வராது” என்றதும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். “எங்க தாத்தா இறங்கினப்பவே ஒரு நம்பர் போட்டுட்டாங்க. இன்னமும் அந்த நம்பர் வச்சுதான் அவரைத் தேடுறோம். எனக்கும் நம்பரா? என் பேரு போடும்மா. அவரு பேரும் போடு.” கப்பல் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் எண். இன்றைக்கும் ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) பூர்வீகம் தேடும் குடும்பங்கள் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இதைக் குழுவுக்கு எழுதினேன். ‘அநாமதேயமாக்கல் கட்டாயம்’ என்று ஒரு வரியில் மறுப்பு. நான் விடவில்லை. நேரில் விளக்க அனுமதி கேட்டு, குழுக் கூட்டத்தில் ஆயா சொன்னதை அப்படியே தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அறை சற்று நேரம் பேசவில்லை. ஆனால் அவர்கள் எழுப்பிய கவலையிலும் நியாயம் இருந்தது. பெயரோடு வரும் குடும்பக் கதையில் ஊரும் உறவும் இருக்கும். அதே ஆளின் சர்க்கரை அளவு வேறு கோப்பில் இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் ஒப்பந்தம் இப்படி முடிந்தது: சம்மதப் படிவம் இரண்டு. கதைக்கு ஒன்று, அதில் பெயர் போடலாமா என்பது சொல்பவரின் விருப்பம். ரத்தத்துக்கு ஒன்று, அதில் எண் மட்டும். இரண்டையும் இணைக்கும் பட்டியல் டர்பனில் ஒரே ஒருவரிடம் பூட்டியிருக்கும், எந்த நாட்டுக்கும் போகாது. இதுதான் இந்த அலைச்சலில் நான் மனசார மகிழ்ந்த ஒரே இடம். அந்த வாரமே ஆயாவிடம் போய்ச் சொன்னேன். தாத்தாவின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதச் சொல்லி, சரிபார்த்துவிட்டுத்தான் காபி கொடுத்தார்கள்.

தரவு வெளிநாடு போவது பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போபியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுவீச்சில் அமலில் இருக்கிறது. அதன் 72-ஆம் பிரிவு தனிநபர் தகவல் எல்லை தாண்டுவதற்கு நிபந்தனை போடுகிறது. உடல்நலமும் இனமும் சிறப்புத் தகவல்கள். உயிரோடிருப்பவர்களுக்குத்தான் இந்தச் சட்டம், அதனால் 1860-களின் கப்பல் பட்டியலுக்குப் பொருந்தாது. இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் பட்டியலிலிருந்து நான் எடுத்த நகல்களை அலுவலகம் விடுவித்தது. வெளிநாட்டுக் கூட்டாளி ‘எல்லா மூலத் தரவையும் எங்கள் சர்வரில் ஏற்றுங்கள்’ என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ரத்த மாதிரியை வெளியே அனுப்புவது இன்னும் கடினம்: ஏற்றுமதி அனுமதி வேண்டும், 2018-இல் அரசிதழில் வந்த, ரத்தம் போன்றவற்றைக் கைமாற்றுவதற்கான ஒப்பந்தமும் வேண்டும். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பரிசோதனையை டர்பனிலேயே முடித்து முடிவுகளை மட்டும் பகிர்கிறோம். ஆய்வகச் செலவு கொஞ்சம் கூடியது, பரவாயில்லை.

யார் பெயர் எங்கே வரும் என்பதையும் முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள். மருத்துவக் கட்டுரையில் கடைசிப் பெயர்தான் தலைவருடையது; வரலாற்றில் கடைசிப் பெயரென்றால் கடைசிதான். எங்கள் குழுவில் ஒரு இளம் ஆய்வாளர் தன் பெயர் நடுவில் வந்ததைப் பார்த்து அழுதுவிட்டாள். வீடு வீடாகப் போய்க் கதை கேட்டவள் அவள். இப்போது வரலாற்றுக் கட்டுரை தனி, மருத்துவக் கட்டுரை தனி, முதலாவதில் அவள் பெயர்தான் முதலில். வெளியீட்டுக் கட்டணத்தையும் நிதிக் கோரிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள். நம் நாடு உயர் நடுத்தர வருமானப் பட்டியலில் இருப்பதால், ஏழை நாடுகளுக்குக் கிடைக்கும் முழு விலக்கு நமக்குக் கிடைக்காது.

அனுமதி ஓராண்டுக்குத்தான். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதியாவதற்கு முன்பே அனுப்ப வேண்டும். தவறினால் அதற்குப் பிறகு எடுத்த தரவைப் பயன்படுத்த முடியாது. மொரீஷியஸ் கோப்பு இன்னும் அங்கே பரிசீலனையில் இருக்கிறது. அங்கே 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். கேள்விகள் வர ஆரம்பித்துவிட்டன, இந்த வாரம் அதற்குப் பதில் எழுத வேண்டும்.